ஆறாம் வகுப்புக்குப் புது ஆசிரியை: அடிக்காமல், கத்தாமல் வகுப்பை எப்படி நடத்துவது?

அருமனை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பட்டதாரி ஆசிரியையாக இந்த ஜூனில்தான் வேலையில் சேர்ந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். பாடத்தைப் பற்றிப் பயமில்லை. வகுப்பைக் கையில் வைத்துக்கொள்வதுதான் பிடிபடவில்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சில் தனிப்பேச்சு ஓடுகிறது. திருத்திய நோட்டைக் கொடுக்கத் தொடங்கினால் பாதி வகுப்பு எழுந்து மேசையைச் சுற்றி நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியட்டில் அதட்டியே நேரம் போய்விடுகிறது. மழை பிடித்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டுவதில்லை. முதல் பீரியட்டில் தினமும் தூங்கி விழும் பையன் ஒருவன் இருக்கிறான். இன்னொருவன், ஏதாவது சொல்லிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அன்று முழுவதும் எழுதவே மாட்டான்.

கூட வேலை பார்க்கும் மூத்தவர்கள் "முதல் பருவம் முடியும்வரை சிரிக்காதீங்க, அப்புறம் தானா அடங்கிடும்" என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கவும் வேண்டும், பாடமும் நடக்க வேண்டும். அப்படி நடத்தியவர்கள் என்ன செய்தீர்கள் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

தக்கலை ஹெச்.எம். (ஓய்வு)

டீச்சர், நீங்கள் எழுதியதில் பெரும்பாலானவை பிள்ளைகளின் குணம் சம்பந்தப்பட்டவையே இல்லை. நோட்டு கொடுப்பது, பீரியட் மாறுவது, சாப்பிட்டுவிட்டு உள்ளே வருவது, இந்த நேரங்களில்தான் வகுப்பு கலைகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் கீழ் வகுப்புகளில் தொடங்கி அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்கார்ந்து, ஆடிப் பாடி, எழுந்து போய் பொருள் எடுத்துப் படித்தவர்கள். ஆறாம் வகுப்பில் திடீரென்று பெஞ்ச், பீரியட், பாடத்துக்கு ஒரு ஆசிரியர். நேற்றுவரை எழுந்து போவது படிப்பின் ஒரு பகுதி, இன்று அதே காரியம் சேட்டை. இந்த மாற்றத்தை நாம்தான் பழக்கிக் கொடுக்க வேண்டும்.

நோட்டு கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையின் ஓரத்தில் இருப்பவர் கையில் அந்த வரிசையின் கட்டைக் கொடுங்கள். தன் நோட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் நகர்த்த வேண்டும், யாரும் எழ வேண்டாம். இதை வாயால் சொன்னால் நடக்காது. ஒருநாள் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு இதையே பாடமாக நடத்துங்கள். முதலில் நீங்களே ஒரு பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து காட்டுங்கள். அப்புறம் ஒரு வரிசை மட்டும் செய்யட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். எது நன்றாக நடந்தது, எங்கே தடுமாறியது என்று பார்த்தவர்களிடம் கேளுங்கள். அப்புறம் முழு வகுப்பும் செய்யட்டும். சரியாக வரவில்லையா, திட்ட வேண்டாம். "இன்னொரு தடவை பார்ப்போம் மக்களே" என்று சொல்லி நோட்டைத் திரும்ப வாங்குங்கள். பெருக்கல் வாய்ப்பாடு ஒரே தடவையில் வராது என்று நமக்குத் தெரியும். நடத்தை மட்டும் ஒரு தடவை சொன்னதும் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மழைக்குக் குரலை நம்பாதீர்கள். நீங்கள் கையைத் தூக்கினால், பார்த்த பிள்ளை பேச்சை நிறுத்தித் தானும் கையைத் தூக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கவனிக்காவிட்டால் தோளில் தட்ட வேண்டும். இதை வெயிலடிக்கும் நாளிலேயே பழக்கிவிடுங்கள். நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இரண்டுக்கும் உதவும். சாப்பாட்டுக்குப் பின்வரும் பீரியட்டுக்கு, பிள்ளைகள் வரும் முன்பே பலகையில் இரண்டு சின்னக் கணக்கு எழுதி வையுங்கள். உள்ளே வந்ததும் உட்கார்ந்து அதைப் போடுவதுதான் வேலை. கை வேலையில் இருந்தால் வாய் தானாகக் குறையும்.

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தாராளமாகச் சிரியுங்கள். பிள்ளைகள் பார்ப்பது நம் முகத்தை அல்ல, திங்கட்கிழமை சொன்னதை வெள்ளிக்கிழமையும் சொல்கிறோமா என்பதைத்தான்.

மார்த்தாண்டம் அப்பா

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஆசிரியர் இல்லை, பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற அப்பா. எங்கள் காலத்தில் பிரம்பு இருந்தது. வராந்தாவில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். அந்தக் கண்டிப்பில்தான் நாங்கள் படித்தோம், அதனால்தான் நம் மாவட்டம் படிப்பில் முன்னால் நிற்கிறது. இன்று பிள்ளைகளுக்கு யார் மீதும் பயமில்லை. பள்ளிக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன், தப்பு செய்தால் ரெண்டு போடுங்க, நான் கேட்க வரமாட்டேன் என்று. பெற்றோரே சம்மதிக்கும்போது என்ன தடை?

நாகர்கோவில் பி.எட். விரிவுரையாளர்

அண்ணே, தடை சட்டத்தில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. எந்தப் பிள்ளையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது, மீறினால் துறை நடவடிக்கை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெற்றோர் சம்மதித்தால் அடிக்கலாம் என்று அதில் விதிவிலக்கு கிடையாது. அடி மட்டுமல்ல, வகுப்பு முன்னால் முட்டி போட வைப்பது, வீட்டு நிலைமையைச் சொல்லிக் கேலி செய்வதும் இதில் அடங்கும். புது டீச்சருக்கு யாராவது "பெற்றோரே சொல்லிட்டாங்க" என்று தைரியம் கொடுத்தால் நம்ப வேண்டாம். மாட்டிக்கொள்வது டீச்சர்தான்.

மாவட்டத்தின் படிப்பைப் பற்றி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதற்கு வேர் ரொம்பப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளி தொடங்கினார். அதுவரை பள்ளிக்கூடத் திண்ணையில் கால் வைக்க முடியாதிருந்த சாதிகளின் பிள்ளைகளுக்கு இங்கே கதவு திறந்தது. மிஷன் பள்ளிகளும் திருவிதாங்கூர் சர்க்கார் பள்ளிகளும் ஊருக்கு ஊர் வந்தன. நம் பாட்டிமார் எழுதப் படிக்கக் கற்றது பள்ளி பக்கத்தில் இருந்ததால், உள்ளே விட்டதால். பிரம்பு தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும்தான் இருந்தது.

அப்புறம் அந்தச் செருப்புச் சத்தம். சத்தம் வந்ததும் அடங்கிய வகுப்பு, சத்தம் தலைமையாசிரியர் அறைப் பக்கம் போனதும் என்ன செய்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

டீச்சருக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்துப் பார்த்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். சேட்டை நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்பே இருந்தது. நல்ல ஆசிரியர்கள் வகுப்பில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார்கள், அது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. பாடத்தை நடுவில் அறுத்துக்கொண்டு சின்ன விஷயத்துக்கெல்லாம் சொற்பொழிவு செய்யவில்லை.

அதனால் பலகையில் எழுதும்போது முழு முதுகையும் வகுப்புக்குக் காட்டாதீர்கள், பாதி திரும்பி நின்று எழுதுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பின்பெஞ்சில் பேச்சு கேட்டால் பாடத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டே அங்கே நடந்து போய் நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் குனிந்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி, "ஐந்தாவது கணக்கைத் தொடங்கு" என்று சொல்லுங்கள். "ஏன் பேசுற?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பதில் சொன்னால் எதிர்த்துப் பேசியதாகிவிடும்.

கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். "சார் நான், டீச்சர் நான்" என்று எழும் கூச்சலும் குறையும், ஏனென்றால் முந்திக் கத்தியவருக்குத்தான் வாய்ப்பு என்ற நிலை போய்விடுகிறது.

குளச்சல் கரை டீச்சர்

முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் கடற்கரை ஊர்ப் பள்ளியில் இருக்கிறேன், இப்படிப்பட்ட பிள்ளைகள் எனக்கு நிறைய. வகுப்பு முன்னால் சொன்னால் அவனுக்கு மானப் பிரச்சினை. கூட்டாளிகள் பார்க்கிறார்கள், பின்வாங்க வழியில்லை. பக்கத்தில் போய் மெதுவாக, "இப்போ எழுதுகிறாயா, இல்லை இன்டர்வெலில் என்னிடம் வந்து எழுதுகிறாயா" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நகர்வது முக்கியம். நாம் தலைமாட்டில் நின்றால் அவன் பேனாவைத் தொட மாட்டான். ரெண்டு வரிசை தள்ளிப் போனபின் தானாக எழுதத் தொடங்குவான். எழுதினால் அதைப் பெரிதாக்காதீர்கள், போகிற போக்கில் ஒரு டிக் போதும்.

அப்புறம், வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, அவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் ஊரில் பள்ளி திறக்கும் நேரத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாமார் கரையில் இருப்பார்கள். நான் அவர்களைச் சந்திப்பது அந்த ரெண்டு மாதத்தில்தான். ஆகஸ்டுக்குப் பிறகு கூட்டம் போட்டால் அம்மாமார் மட்டும்தான் வருவார்கள். தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. அப்பா கடலில் இருக்கும்போது காற்று எச்சரிக்கை வந்தால் அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், ஆனால் பாடத்தில் இருக்க மாட்டாள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்த பிறகு எங்கள் கரையில் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்த பயம். அன்று அவளை எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள்.

வீட்டுக்கு முதல் போன் நல்ல செய்திக்காக இருக்கட்டும். "இன்றைக்கு உங்க மகன் விழுந்த பிள்ளையைத் தூக்கி விட்டான்" என்று ஒரு போன். ரெண்டாவது போன் குறை சொல்வதற்காக இருந்தாலும் அந்த அம்மா காது கொடுத்துக் கேட்பார்.

பேச்சிப்பாறைக்காரன்

தூங்கும் பையனைப் பற்றி நான் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் வெட்டுக்குப் போன வீட்டில் வளர்ந்தவன் நான், இப்போது நானும் ஆசிரியர். பால் வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும், வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் இருட்டோடு கிளம்பும்போது பிள்ளைகளும் விழித்துவிடுவார்கள். தம்பி தங்கையைக் கிளப்புவது மூத்தவன் பொறுப்பு. சில வீடுகளில் மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கவும் கூடப் போவான். அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை எங்கும் இதே கதைதான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: காலையில் சாப்பிட்டானா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைதான். போன வருஷம்வரை பள்ளியிலேயே சாப்பிட்டவன், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பான். அவன் அம்மாவுக்கு அந்த நேரத்தில் தோட்டத்தில் வேலை. இதைக் கேட்காமல் "ராத்திரி என்ன டி.வி.யா பார்த்தே?" என்று வகுப்பைச் சிரிக்க வைத்தால் அவன் உங்களை விட்டுப் போய்விடுவான்.

தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் பீரியட்டில் அவனுக்கு எழுந்து நடக்கிற வேலை ஒன்று கொடுங்கள்: வருகைப்பதிவேட்டை ஆபீஸில் கொடுப்பது, பலகை துடைப்பது, எதுவானாலும் சரி. சாப்பாட்டு விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், வெட்டுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள், ஏதாவது வழி பிறக்கும்.

வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மலைப்பக்கத்துப் பிள்ளைகளின் பேச்சைப் பழித்துக் காட்டாதீர்கள். காணிப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை ஒருமுறை சிரிப்புக்கு ஆளானால், அப்புறம் எத்தனை நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்கும்.

இரணியல் அம்மா

என் மகள் வகுப்பில் டீச்சர் வெளியே போனால் லீடர் பலகையில் பேர் எழுதுவான். பிடிக்காதவர்கள் பேர் முதலில் வரும், மிட்டாய் கொடுத்தால் அழிந்துவிடும். ஒருநாள் என் மகள் பேசாமலே பேர் வந்து அடி வாங்கினாள். பிள்ளைகளைப் பிள்ளைகளுக்குப் போலீஸ் ஆக்காதீர்கள் டீச்சர். பெற்றவளாக இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சிறப்புப் பயிற்றுநர்

நான் வட்டார வள மையத்தின் கீழ் பள்ளிகளுக்குப் போய் வருபவள். "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று காட்டப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே காது சரியாகக் கேட்பதில்லை. பலகை தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளை "காப்பி அடிக்கிறான்" என்று பேர் வாங்குகிறான். முதலில் கண்ணும் காதும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி, மாதக்கணக்கில், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கிற பிள்ளை இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு பெயர் சூட்ட வேண்டாம். அடிபட்ட தழும்போ வேறு ஏதாவது சந்தேகமோ இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, தயங்காதீர்கள்.

அருமனை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நோட்டு கொடுப்பதைப் பாடமாகவே நடத்தினேன். ஒரு வரிசை செய்ய மற்றவர்கள் பார்த்தது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "டீச்சர், நடுவுல இருக்கவன் தன் நோட்டைத் தேடி நேரம் ஆக்குறான், அட்டையில பேர் பெரிசா எழுதணும்" என்று அவர்களே யோசனை சொன்னார்கள். இப்போது நோட்டு போய்ச் சேரும்வரை யாரும் எழுவதில்லை. மழை நாளில் கை தூக்குவதும் வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் இன்னும் சத்தம்தான், ஆனால் பலகையில் கணக்கு இருந்தால் சீக்கிரம் அடங்குகிறது.

தூங்கும் பையன் விஷயம் பேச்சிப்பாறை அண்ணன் சொன்னது அப்படியே. தங்கையைக் குளிப்பாட்டி, தலை வாரி, கையைப் பிடித்துக் கூட்டி வருகிறான், அவள் உள்ளே சாப்பிடுவாள், இவன் வெறும் வயிறு. குழுவில் பேசினோம். அவன் பாட்டி இப்போது முந்தின ராத்திரியே பழஞ்சோறு எடுத்து வைக்கிறார். முகம் திருப்புகிறவன் இன்னும் அப்படித்தான், சில நாள் எழுதுகிறான், சில நாள் இல்லை.

இப்போது வேறு இரண்டு கேள்வி. வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. எல்லார் பையையும் சோதிக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, நல்ல நடத்தைக்கு ஸ்டார், பாயின்ட் கொடுக்கலாமா?

தக்கலை ஹெச்.எம். (ஓய்வு)

பையைச் சோதிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடியும்வரை கள்ளன் என்றுதான் பேர். கண்டுபிடிக்காவிட்டால் நாற்பது பிள்ளைகளையும் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். "எடுத்தவர் யாராக இருந்தாலும் நாளைக்குள் என் மேசை டிராயரில் வைத்துவிடலாம், நான் கேட்க மாட்டேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கேட்காமலும் இருங்கள். வரவில்லை என்றால் பாக்ஸ் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலிருந்து ஒன்று ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு விடுங்கள். யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் தனியாகக் கூப்பிட்டு, பொருளைத் திருப்பிக் கொடுப்பது எப்படி, என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒத்திகை பார்க்க வையுங்கள். "ஸாரி சொல்லு" என்று மிரட்டி வாங்குவதில் பிள்ளை எதையும் கற்பதில்லை. என்ன செய்தேன், அதனால் உனக்கு என்ன ஆனது, இனி என்ன செய்வேன் என்று மூன்றையும் தன் வாயால் சொல்லப் பழகுவதுதான் பாடம்.

நாகர்கோவில் பி.எட். விரிவுரையாளர்

பாயின்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2024-இல் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் வந்திருக்கிறது: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு. அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் குழுவுக்குக் கூட்டிக் கொடுங்கள், ஒருவன் செய்த தப்புக்குக் குழுவின் பாயின்ட்டைக் கழிக்காதீர்கள். கழித்தால் மைதானத்தில் அந்தப் பையனை மற்றவர்கள் கவனித்துக்கொள்வார்கள், நீங்கள் அடிக்காத அடி அங்கே விழும். மிட்டாய், பென்சில் வேண்டவே வேண்டாம். என்ன நல்லது செய்தான் என்று பெயர் சொல்லிச் சொல்வது போதும். "குட் பாய்" என்பதில் விஷயமே இல்லை. "கீழே விழுந்த ஸ்கேலைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாய்" என்றால், எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது.

மார்த்தாண்டம் அப்பா

சட்டத்தைச் சொன்னதற்கு நன்றி சார், ஒத்துக்கொள்கிறேன். கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் நோட்டைத் திரும்ப வாங்கி மறுபடி செய்ய வைத்ததும் கண்டிப்புதான் என்று இப்போது படுகிறது. ஒரு சந்தேகம்: பள்ளியில் இப்படிப் பழக்கிவிட்டு, லீவு விட்டால் வீட்டில் எல்லாம் போய்விடுகிறதே?

குளச்சல் கரை டீச்சர்

போகத்தான் செய்யும் அண்ணே. கோட்டாறு சவேரியார் திருவிழா வரும், அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ் லீவு, அப்புறம் பொங்கல். ஜனவரியில் வருகிற வகுப்பு ஜூனில் வந்த வகுப்பு மாதிரியே இருக்கும். அதனால் ஒவ்வொரு லீவுக்குப் பிறகும் முதல் நாள் நான் பாடம் தொடங்குவதில்லை. நோட்டு, வரிசை, கை தூக்குவது எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்ய வைப்பேன். ஜூனில் ஒரு வாரம் பிடித்தது ஜனவரியில் ஒரு பீரியட்டில் முடிந்துவிடும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, லீவு முடிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பள்ளி நாள் மாதிரி நேரத்தோடு தூங்க வையுங்கள், பையை அவனே அடுக்கட்டும். மற்றதை டீச்சர் பார்த்துக்கொள்வார்.